பால்கனி சோலாரும் லைன்மேன் அப்பாவும்

"பிளக்கைச் சொருகினா கரண்ட் வரும், அது தெரியும். நீ என்னமோ பிளக்கைச் சொருகினா கரண்ட் வெளிய போகும்ங்கற. அப்ப லைன்ல கை வெச்சிருக்கிறவன் கதி என்னடா?"

பால்கனியில் சோலார் மாட்டப் போகிறேன் என்று வீடியோ காலில் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இது. முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். லைனில் வேலை செய்ய எல்.சி. என்கிற அனுமதியை வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கி, லைனைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டாமல் கம்பத்தில் ஏற மாட்டார். ஒருமுறை, அணைத்து வைத்த லைனில் எவரோ வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்ததால் பின்பக்கமாகக் கரண்ட் ஏறி, கூட வேலை செய்தவரின் கை வெந்து போனது. அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அவர் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. தேடித் தெரிந்துகொண்டு மாட்டினேன். இந்த ஏப்ரலோடு ஒரு வருஷம் ஆகிறது. மாட்டிய கதையும், விதி என்று இங்கே இருப்பவை எதற்காக இருக்கின்றன என்று எனக்குப் புரிந்ததும் கீழே.

நான் இருப்பது ஜெர்மனியில், நியூரம்பர்க்கில். வாடகை வீடு, முதல் மாடி, தெற்குப் பார்த்த பால்கனி. இதற்கு இங்கே 'பால்கோன்கிராஃப்ட்வெர்க்' என்று பெயர், அதாவது பால்கனி மின்நிலையம். பெயர்தான் பெரிசு. இரண்டு பேனல், ஒரு சின்ன இன்வெர்ட்டர், சுவரில் சொருக ஒரு பிளக், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. பேனல் தரும் டி.சி.யை, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்டை, இன்வெர்ட்டர் வீட்டில் ஓடும் 230 வோல்ட் ஏ.சி. கரண்டாக மாற்றி, பிளக் வழியாக வீட்டு வயரிங்கிலேயே தள்ளிவிடும். ஃபிரிட்ஜும் மற்றதும் முதலில் அதை எடுத்துக்கொள்ளும், பற்றாக்குறை வெளியிலிருந்து வரும். நம்மூரில் இன்வெர்ட்டர் என்றாலே கரண்ட் போனால் கைகொடுப்பது என்றுதான் அர்த்தம். இது அதற்கு நேர் எதிர். வெளியே கரண்ட் போனால் இதுவும் போய்விடும். ஏன் என்பதில்தான் அப்பாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் காகித வேலை. 2024 நவம்பரில் வீட்டு நிர்வாகத்துக்கு எழுதினேன். ஒரு வருஷம் முன்பு எழுதியிருந்தால் 'முடியாது' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். 2024 அக்டோபர் 17 முதல் சட்டம் மாறிவிட்டது. வாடகைக்கு இருப்பவர் கேட்டால் தக்க காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது. ஆனால் எப்படி மாட்ட வேண்டும் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. கேட்காமல் மாட்டுவதற்கான அனுமதி இல்லை இது, பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பேனல் பால்கனிக் கைப்பிடிக்கு வெளியே சாய்ந்து நீட்டக் கூடாது, நேராகத் தொங்க வேண்டும். கொக்கிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். எவர் தலையிலாவது விழுந்தால் ஈடு கட்டும் காப்பீட்டுச் சான்று வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போக வேண்டும். நான்குமே நியாயம். சாய்த்து மாட்டினால் விளைச்சல் கூடும்தான், ஆனால் இருபத்தொரு கிலோ கண்ணாடிப் பலகை காற்றில் பாய்மரம் மாதிரி இழுபடுவதைக் கீழ் வீட்டுப் பாட்டியின் தலைக்கு மேல் நான் நிறுத்தி வைக்க விரும்பவில்லை.

அரசாங்க விதி 2024 மே 16இல் எளிதானது. அதற்கு முன் 600 வாட்தான், விநியோக நிறுவனத்துக்கு விண்ணப்பம், மீட்டர் மாற்றிய பிறகே சொருகலாம் என்று ஏகப்பட்ட படிகள். இப்போது இன்வெர்ட்டர் வெளியே தள்ளுவது 800 வோல்ட்-ஆம்பியர் (இங்கே 800 வாட் என்றே வைத்துக்கொள்ளலாம்) வரை, பேனல்கள் சேர்த்து 2000 வாட் வரை. மத்திய அரசின் மின் நிலையப் பதிவேட்டில், மாட்டிய ஒரு மாதத்துக்குள் இணையத்தில் பதிந்தால் போதும். 800 என்பது பேனலின் அளவு என்று நினைத்து 400 வாட் பேனல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அது இன்வெர்ட்டர் சுவருக்குள் விடும் அளவு. பேனல் எவ்வளவு இருந்தாலும் இன்வெர்ட்டர் அதற்கு மேல் விடாது. இன்னொன்று, இந்த 800 ஒரு வீட்டு இணைப்புக்கு மொத்தமாக. சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று இரண்டு செட் மாட்ட முடியாது.

2025 மார்ச்சில் பொருள் வாங்கினேன். 440 வாட் பேனல் இரண்டு, 800 வாட் இன்வெர்ட்டர், கேபிள், எல்லாம் 389 யூரோ. 2023 ஜனவரியிலிருந்து இதற்கு மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். கொக்கிகள் தனியாக 74.

பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் பால்கனியில் சாக்கெட்டே இல்லை என்பது உறைத்தது. எட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன்! ஹாலில் இருந்து எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்துக் கதவிடுக்கில் விட்டுவிடலாமா என்று யோசித்து, அதை அப்பாவிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"போர்டுல வேற என்ன சொருகியிருக்கு?"

"டிவி, ஹீட்டர்..."

"ஹாலுக்கு பியூஸ் எத்தனை?"

"பதினாறு ஆம்ப்."

"பியூஸ் வழியா பதினாறு வரும். பேனல்ல இருந்து எவ்வளவு வரும்?"

800ஐ 230ஆல் வகுத்தேன். மூன்றரை.

"மொத்தம் பத்தொன்பதரை. அதுல பியூஸ் பாக்குறது பதினாறை மட்டும். மிச்சம் அதுக்குத் தெரியாமப் பின்வாசல் வழியா வருது. வயர் காயும், பியூஸ் சும்மா இருக்கும்."

இங்கே எல்லா வழிகாட்டியிலும் 'பல சாக்கெட் போர்டில் சொருகாதீர்கள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. காரணத்தை நான் படித்தறிந்ததைவிட அப்பா அரை நிமிஷத்தில் புரியவைத்தார். சுவருக்குள் ஓடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் அந்தக் கூடுதல் மூன்றரை ஆம்பியரைப் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் கடையில் ஐந்து யூரோவுக்கு வாங்கிய போர்டின் தகட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

எங்கள் கட்டடம் அறுபதுகளில் கட்டியது. மீட்டர் பெட்டியில் பீங்கான் திருகு பியூஸ்தான். பத்து ஆம்பியருக்குச் சிவப்புப் பொட்டு, பதினாறுக்குச் சாம்பல். உள்ளே ஒரு வளையம் இருக்கும். சிறிய பியூஸ் பெரிய வளையத்தில் இறங்கும், பெரியது சிறியதில் இறங்காது. யாரும் திருட்டுத்தனமாகப் பெரிய பியூஸ் போட முடியாதபடி அந்தக் காலத்திலேயே செய்திருக்கிறான். நம் வீடுகளில் கட்டை பியூஸில் செம்புக் கம்பியை இரட்டையாக முறுக்கியதெல்லாம் நினைவுக்கு வந்தது. இப்படிப் பழைய பியூஸ் இருக்கும் வீட்டில், சோலார் சொருகும் லைனுக்கு ஒரு படி சின்ன பியூஸ் போடச் சொல்வார்கள். கட்டாயம் இல்லை, ஆனால் கணக்கு தெளிவு. பத்தும் மூன்றரையும் பதின்மூன்றரை, வயருக்கு ஒரு கவலையும் இல்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வெளியே புது சாக்கெட் வைத்தால் 30 மில்லியாம்ப் கசிவுக்கே விழும் பிரேக்கர் இல்லாமல் வைக்க முடியாது என்றார். பழைய பெட்டிக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி வைத்து, கசிவுக்கும் ஓவர்லோடுக்கும் சேர்ந்தே விழுகிற பத்து ஆம்பியர் பிரேக்கர் ஒன்றும், பால்கனியில் மூடி போட்ட சாக்கெட்டும் வைத்தார். 290 யூரோ. பேனல் விலையில் முக்கால்வாசி! வயிறு எரிந்தது, ஆனால் கழற்றிய சாம்பல் பொட்டு பியூஸை ஞாபகமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாதா பிளக்கா, தனி பிளக்கா என்பதிலும் இங்கே பல வருஷம் சண்டை ஓடியது. ஷூகோ என்கிற வீட்டு பிளக்கில் இரண்டு முள்ளும் வெளியே தெரியும். மிக்ஸி பிளக்கைப் பிடுங்கினால் முள் செத்துவிடும், உயிர் சுவரில் இருக்கும். இங்கே முள்ளுக்குப் பின்னால் பேனல் இருக்கிறது. முள் மூடியிருக்கும் தனிவகை பிளக்தான் வேண்டும் என்று தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் நெடுங்காலம் பிடிவாதம் பிடித்தார்கள், மக்கள் சாதா பிளக்கையே சொருகிக்கொண்டிருந்தார்கள். 2025 டிசம்பரில் வந்த தரநிலை, பாதுகாப்பு நிபந்தனைகளோடு 960 வாட் பேனல் வரை சாதா பிளக்கை ஏற்றுக்கொண்டது. என்னுடையது 880. தப்பித்தேன்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை இங்கே சுத்தியல் சத்தம் கேட்டால் பேனலைவிடப் பெரிய வழக்காகிவிடும். மேல் விளிம்பில் பேனலுக்கு இரண்டு கொக்கி, கீழே கம்பியோடு சேர்த்து இரண்டு எஃகுப் பட்டை. பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் இரண்டு வருஷத்தில் அது பொடிப்பொடியாகும், அப்புறம் பேனல் ஊஞ்சலாடும். தூக்கும்போது பேனலில் ஒரு கயிற்றைக் கட்டி அடுத்த முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டினேன். மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, கை நழுவுச்சுன்னா கயிறு தாங்குமா, கதவு வருமா?" என்றாள். நல்ல கேள்வி. நழுவவில்லை.

சொருகிய ஒரு நிமிஷத்தில் இன்வெர்ட்டர் விளக்கு பச்சை காட்டியது. ஆனால் செயலியில் முதல் பேனல் 270 வாட், இரண்டாவது பூஜ்யம். அரை மணி நேரம் செயலியை மூடித் திறந்து, வைஃபையைத் திட்டி, கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பிறகு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். இங்கே ஒரு வரிசை உண்டு. வெயில் இருக்கும்வரை பேனல் உயிரோடுதான் இருக்கும், அதை ஆஃப் செய்ய சுவிட்ச் இல்லை. கரண்ட் ஓடும்போது பேனல் கேபிளை இணைக்கும் டி.சி. கனெக்டரைப் பிரித்தால் பொறி பறந்து முனை கருகும். அதனால் முதலில் ஏ.சி. பிளக்கைப் பிடுங்க வேண்டும், பிறகு பேனலைப் போர்த்த வேண்டும், அப்புறம்தான் கனெக்டர். போர்த்துவதற்கு அம்மா கொடுத்தனுப்பிய பவானி ஜமக்காளம்தான் கையில் கிடைத்தது. ஜெர்மன் பால்கனியில் ஜமக்காளம் தொங்கியதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் கையசைத்தார்.

கனெக்டரைப் பிரித்த பிறகு ஜமக்காளத்தை விலக்கி அளந்தேன். பேனலின் முனையில் 38.6 வோல்ட். பேனலையும் இன்வெர்ட்டரையும் இணைக்கும் நீட்டுக் கேபிளை மாட்டி அதன் மறுமுனையில் அளந்தால் பூஜ்யம். கனெக்டரை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூட்டிக்கொள்ளும் இரண்டு காதுகளில் ஒன்று உள்ளே இறங்கியிருக்கிறது, மற்றது விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அழுத்தினேன், 'டக்' என்று சத்தம் வந்தது. மாட்டும்போது அந்தச் சத்தம் கேட்டதா என்று நான் கவனிக்கவே இல்லை. இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: கண்ணை நம்பாதே, 'டக்' கேட்டால்தான் மாட்டியது. சத்தம் வந்த பிறகு இழுத்தும் பார். இப்படிப் பாதி இறங்கிய கனெக்டர் முழுசாக விட்டுப்போனால் நல்லது, பூஜ்யம் காட்டிக் கொடுத்துவிடும். தொட்டும் தொடாமலும் இருந்தால்தான் உள்ளே சூடாகி உருகும்.

மறுநாள் மதியம் அப்பாவுக்குச் சோதனை. போனை ஜன்னலில் சாய்த்து வைத்தேன். இன்வெர்ட்டர் 580 வாட் தள்ளிக்கொண்டிருந்தது.

"பிரேக்கரை இறக்கு."

இறக்கினேன். விளக்கு உடனே சிவப்பு.

வெளியே லைனில் வரும் ஏ.சி. விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் அலை, அதுதான் 50 ஹெர்ட்ஸ். இந்த இன்வெர்ட்டருக்குத் தானாக அந்த அலையை உண்டாக்கிக்கொண்டு ஓடும் வேலையே கொடுக்கவில்லை. வெளியே ஓடும் அலையைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் சவாரி செய்வதுதான் அதன் வேலை. வோல்டேஜ் எல்லை தாண்டினாலோ, ஹெர்ட்ஸ் 47.5க்குக் கீழே அல்லது 51.5க்கு மேலே போனாலோ, அலையே இல்லாமல் போனாலோ, கண் சிமிட்டும் நேரத்தில் ரிலே என்கிற உள் சுவிட்ச் திறந்து இணைப்பைத் துண்டித்துவிடும். தெருவில் கரண்ட் போனால் இதுவும் நிற்பது அதனால்தான். குறை மாதிரி தெரியும், ஆனால் லைனில் கை வைத்திருப்பவனுக்காக வைத்த விதி அது. இன்வெர்ட்டரோடு வரும் தரச்சான்றில் இது சோதிக்கப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். சான்று இல்லாமல் மலிவாக வருவதை நான் தொட மாட்டேன்.

"ஏத்து."

ஏற்றினேன். உடனே ஓடவில்லை. ஒரு நிமிஷம் வெளிக் கரண்ட் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பச்சையானது. அப்பா முகத்தில் முதல் முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. "டிரையல் பாக்குது பாரு" என்றார்.

"இப்ப பிளக்கைப் புடுங்கி முள்ளுல மீட்டர் வை."

பிடுங்கி வைத்தேன். பூஜ்யம். இதற்கு 0.2 விநாடிதான் கணக்கு, நான் மீட்டர் முனையைக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். அப்பா சற்று யோசித்தார். "சரி. ஆனா நான் கம்பத்துல ஏறணும்னா இதையெல்லாம் நம்ப மாட்டேன். எர்த் ராடு மாட்டிட்டுத்தான் ஏறுவேன்."

பதிவேட்டில் பதிய கால் மணி நேரம் ஆனது. பேனல் மொத்த வாட், இன்வெர்ட்டர் அளவு, மீட்டர் எண், ஓட ஆரம்பித்த தேதி, இவ்வளவுதான் கேட்டார்கள்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் கொண்டாட்டம். எங்கள் வீட்டில் இருந்தது சக்கரம் சுற்றும் பழைய மீட்டர். மதியம் அடித்தளத்துக்கு இறங்கி அதன் முன்னால் நின்றேன். சிவப்புக் கோடு மெல்ல வந்தது, தயங்கியது, நின்றது. மேலே ஃபிரிட்ஜ் மோட்டார் அணைந்திருக்க வேண்டும், கோடு வந்த வழியே திரும்பிப் போக ஆரம்பித்தது. மின்சாரக் கணக்கு கண்ணெதிரே குறைவதைப் பார்க்கிற சுகம் சொல்லி முடியாது. மனைவியைக் கூட்டி வந்து காட்டினேன், அவளும் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தாள். மீட்டர் மாற்றும் வரை இது சட்டப்படியே பொறுத்துக்கொள்ளப்படுகிறது. பதிவேட்டில் பதிந்ததும் விநியோக நிறுவனத்துக்குத் தானாகத் தகவல் போய்விடும், அவர்கள் வந்து மாற்றிவிடுவார்கள். மே மாதம் வந்தார்கள்.

புது மீட்டர் 1.8.0 என்று காட்டுவது நாம் வாங்கியது, 2.8.0 என்று காட்டுவது வெளியே போனது. வெளியே போனதற்கு எனக்குக் காசு இல்லை, அந்தக் கொசுறை விட்டுக்கொடுத்துவிட்டேன். இந்த நொடி எத்தனை வாட் ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் நான்கு இலக்க ரகசிய எண் வேண்டும். அதைக் கடிதத்தில் வாங்கி, மீட்டரில் உள்ளிடுவதற்கு பட்டனே கிடையாது, டார்ச் அடிக்க வேண்டும்! முதல் இலக்கம் ஏழு என்றால் ஏழு முறை மினுக்கு, சற்றுப் பொறு, அடுத்தது. இருட்டு அடித்தளத்தில் மீட்டருக்கு டார்ச் அடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சைக்கிள் எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

விளைச்சல் கணக்கில் ஒரு ஆச்சரியம். ஏப்ரலில் நல்ல வெயில் நாளில் 3.2 யூனிட், ஜூனில் அதைவிட நல்ல வெயிலில் 2.3. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்தேன். பேனல் நேராகத் தொங்குகிறது, அதுதான் காரணம். இந்த ஊரில் ஜூன் மதியம் சூரியன் 64 டிகிரி உயரத்தில் நிற்கும், வெயில் பேனலை உரசிக்கொண்டு கீழே போய்விடும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் 40 டிகிரிதான், நேராக முகத்தில் அடிக்கும். 800 வாட் என்ற எண்ணை இந்த ஒரு வருஷத்தில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. டிசம்பர் மொத்தமும் 17 யூனிட்.

வருஷத்துக்கு 560 யூனிட் வந்தது, அதில் நாங்கள் பயன்படுத்தியது 390. எங்களுக்கு யூனிட் 36 சென்ட், எனவே மிச்சம் 140 யூரோ. மொத்தச் செலவு 753. முதல் எடுக்க ஐந்தரை வருஷம் ஆகும், சாக்கெட் முன்பே இருந்திருந்தால் மூன்றரைக்குள் முடிந்திருக்கும். கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் இரண்டாயிரம் வாட் இழுப்பதால் அவற்றுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஊரிலிருந்து தூக்கி வந்த கிரைண்டர்தான் இதற்கென்றே செய்தது போல் இருக்கிறது. 150 வாட், முக்கால் மணி நேரம் நிதானமாக ஓடும். இட்லி மாவு இப்போது மதியம்தான் அரைக்கிறோம்.

ஊரில் மச்சான் இதே செட்டை வாங்கிச் சொருகலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அங்கே கூரை சோலாருக்கு மின்வாரியத்தில் விண்ணப்பித்து, இருபக்க மீட்டர் வைக்கிற வழி இருக்கிறது. கேட்காமல் சொருகினால், திசை பார்க்காமல் எண்ணும் மின்னணு மீட்டர்கள் பல உண்டு, நீ வெளியே அனுப்பியதையும் செலவாக எழுதி உன்னிடமே காசு கேட்கும். கரண்ட் போகும் நேரத்தில் உதவவும் உதவாது.

போன வாரம் நிர்வாகத்திலிருந்து கடிதம். மே மாதம் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், சாரம் கட்ட வேண்டும், பேனலை இரண்டு மாதம் இறக்கி வைக்க வேண்டுமாம். நேற்று அப்பாவிடம் சொன்னேன்.

"முதல்ல எதைப் புடுங்குவ?"

"ஏ.சி. பிளக்கை."

"அப்புறம்?"

"ஜமக்காளம்."

"சரி, கழட்டு" என்றார்.